கார்டை மாட்டும் முன் ஒப்பந்தம் எழுதுங்கள், தோழர்களே!

மில்லிலும் பனியன் கம்பெனியிலும் ஃபவுண்டரியிலும் விசைத்தறிக் கூடத்திலும் ஜவுளிக்கடையிலும் ஐ.டி. கட்டடத்திலும் உழைக்கும் கொங்குநாட்டுத் தோழர்களே!

நமக்கு 2027 மே வரைதான் அவகாசம். அதற்குள் நிர்வாகத்திடம் எழுதி வாங்காததை அதன் பிறகு கேட்டால், சட்டப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டி, கொடுக்க வேண்டியதில்லை என்பார்கள். கட்டடத்துக்குள் ஓர் ஆள் எங்கே நிற்கிறார், எத்தனை நிமிடம் நிற்கிறார், யாரோடு நிற்கிறார் என்று ரேடியோ அலையைக் கொண்டு கண்டுபிடிக்கும் கருவிகளைப் பற்றித்தான் சொல்கிறேன். கழுத்தில் தொங்கும் கார்டாக, கூரை மூலையில் ஒட்டிய சின்னப் பெட்டியாக, சுவரில் மாட்டிய வைஃபையாக அவை வருகின்றன.

2025-இன் கடைசி மாதங்களை நினைத்துப் பாருங்கள். செப்டம்பரில், மின்பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ., 802.11பிஎஃப் என்றொரு தரத்தை வெளியிட்டது. வைஃபை பெட்டி இணையம் தருவதோடு நிற்காமல், தன் அலை எதில் பட்டுத் திரும்புகிறது என்று கவனித்து, அறையில் ஆள் இருக்கிறாரா, அசைகிறாரா என்று உணர்வதற்கான பொது விதிமுறை அது. நவம்பர் நடுவில், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளை ஒன்றிய அரசு அறிவித்தது. அதே மாதம் 21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தன. மூன்றையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஆனால் மூன்றும் வந்து சேரும் இடம் நம் மில் கேட். நாம் மூன்றாவதை எதிர்த்துக் கொடி பிடித்தோம், சரிதான். முதல் இரண்டைப் பற்றி நம் சங்க அலுவலகங்களில் எத்தனை பேர் பேசினோம்?

"அட, கார்டுதானுங்க, மாட்டிட்டுப் போறது" என்று சொல்லும் தோழர்களுக்காக, அந்தக் கார்டு என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜி.பி.எஸ். எல்லோருக்கும் தெரியும். 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்த அலை, கான்கிரீட் கூரைக்குக் கீழே வருவதற்குள் துவண்டுவிடும். சண்டிகர் மாநகராட்சி 2020-இல் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் ஜி.பி.எஸ். கடிகாரத்தைக் கட்டியது, அங்குள்ள தோழர்கள் அதை எதிர்த்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். அந்தக் கடிகாரமும்கூடத் தெருவில்தான் ஆளைப் பிடிக்கும். கட்டடத்துக்குள் பிடிக்க வேறு வழிகள் வேண்டும்.

முதல் வழி நமக்குப் பழகியதுதான். கணியூர் டோல்கேட்டில் வண்டிக் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கை மேலே இருக்கும் ரீடர் படிக்கிறதே, அதே ஆர்.எஃப்.ஐ.டி. முறை. ஒட்டிய வில்லையில் பேட்டரி கிடையாது. ரீடர் வீசும் அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள சில்லு தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. இதற்கென்று 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையை அரசு உரிமம் தேவையில்லாமல் திறந்துவிட்டிருக்கிறது. அதனால் மில்லுக்குள் பத்து வாசலில் பத்து ரீடர் மாட்ட யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. நீங்கள் கார்டைத் தட்டவும் வேண்டாம். சில மீட்டர் தள்ளி நடந்து போனாலே போதும், கழிப்பறைப் பக்கம் போன நேரமும் திரும்பிய நேரமும் ஏறிவிடும்.

அடுத்தது புளூடூத். பேட்டரி போட்ட ஒரு பட்டன், நொடிக்கொரு தரம் 'நான் இங்கே' என்று கத்திக்கொண்டே இருக்கும். கூரையிலுள்ள பெட்டிகளில் எதற்கு அந்தச் சத்தம் பலமாகக் கேட்கிறதோ, அதன் பக்கத்தில் ஆள் இருப்பதாகக் கணக்கு. அதைவிடக் கூர்மையானது, அலை போய்ச் சேரும் நேரத்தையே அளக்கும் யு.டபிள்யூ.பி. முறை. அலை ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் 30 சென்டிமீட்டர்தான் போகும். அந்த நேரத்தை அளக்க முடிந்தால், இரண்டு சாண் பிசகுக்குள் ஆளைச் சுட்டிவிடலாம்.

கடைசி வழிக்குக் கார்டே வேண்டாம். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்; வைஃபை அலையை அது தடுக்கும், திருப்பும், கலைக்கும். அந்தக் கலைப்பைப் படித்தால் ஆள் தெரிவார். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டினா கதாபி குழு 2013-இல் சுவருக்கு அந்தப் பக்கம் நடமாடும் ஆளை இப்படிக் கண்டுபிடித்தது. 2018-இல் சுவருக்குப் பின்னால் நிற்பவரின் கை, கால், தலை அசைவைக் கோட்டுருவமாகவே வரைந்து காட்டியது. 2022-இன் இறுதியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் சாதாரண வைஃபை ரூட்டர்களை வைத்து மனித உருவின் நிற்கும் நிலையைத் தீட்டினார்கள். ஆய்வுக்கூடத்தில் இருந்ததற்குத்தான் 2025-இல் பொதுத் தரம் வந்திருக்கிறது. இனி கடையில் வாங்கும் பெட்டியிலேயே அது இருக்கும் நாள் தூரமில்லை.

திருப்பூர்த் தோழர்களுக்கு இதில் பாதி புதிதல்ல. பெரிய ஆயத்த ஆடை நிறுவனங்களில் வெட்டிய துணிக்கட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை, மிஷினில் உட்காரும் ஒவ்வொரு டைலருக்கும் ஓர் அட்டை என்று கொடுத்து, எந்தக் கட்டு யார் கையில் எத்தனை நிமிடம் இருந்தது என்று பார்க்கும் முறை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கட்டு தொலையக் கூடாது, ஆர்டர் தேதி தவறக் கூடாது என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் நியாயமானதே. ஆனால் அதே கணக்கில் தைப்பவரின் மூச்சு வாங்கும் நேரமும் சேர்ந்து ஏறுகிறது. அந்தக் கணக்கு யாருக்கு, எத்தனை நாளைக்கு, எதற்கு என்று எங்கும் எழுதப்படவில்லை.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிரான்ஸைப் பாருங்கள். அங்கே அமேசான் கிடங்குகளில் தொழிலாளி கையிலிருந்த ஸ்கேனர் 10 நிமிடத்துக்கு மேல் சும்மா இருந்தால் ஒரு பதிவு விழுந்தது. சரி, வேகமாக வேலை செய்யலாமே என்றால், முந்தைய பொருளை ஸ்கேன் செய்த 1.25 நொடிக்குள் அடுத்ததைச் செய்தால் அதற்கும் ஒரு பதிவு. மெதுவாகப் போனாலும் குற்றம், விரைந்தாலும் குற்றம்! பிரெஞ்சுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இது அளவு மீறிய கண்காணிப்பு என்று சொல்லி 3.2 கோடி யூரோ அபராதம் போட்டது; 2024 ஜனவரியில் அதை அறிவித்தது. அங்கே கேட்பதற்கு ஓர் ஆணையமும் ஒரு சட்டமும் இருந்தன.

நம் சட்டம் என்ன சொல்கிறது? இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், தோழர்களே. நம் கழுத்துக்குக் கயிறு இங்கேதான் இருக்கிறது.

இன்றைய நிலையில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த விதிகள்தான் இருக்கின்றன. கடவுச்சொல், வங்கி விவரம், உடல்நலம், கைரேகை போன்றவை அதில் சிறப்புப் பாதுகாப்புப் பெறும் தரவுகள். ஆள் எங்கே நிற்கிறார் என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை. 2023-இன் புதிய சட்டம் அதைச் சரிசெய்யும் என்று நம்பியவர்கள் உண்டு. அதன் முக்கியப் பிரிவுகள் விதிகள் வெளியாகி 18 மாதம் கழித்து, அதாவது 2027 மேயில், அமலுக்கு வரும். அப்போது என்ன ஆகும்? பிறர் தரவை எடுக்க ஒப்புதல் வேண்டும் என்பது பொது விதி. ஆனால் 7-ஆவது பிரிவு ஒப்புதலே தேவைப்படாத காரியங்களின் பட்டியல் ஒன்று தருகிறது. வேலைவாய்ப்பின் பொருட்டும், முதலாளியை இழப்பிலிருந்து காக்கும் பொருட்டும் எடுக்கப்படும் தரவு அந்தப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. ஒப்புதல் கேட்க வேண்டாம் என்றால், ஒப்புதலோடு சேர்த்துத் தர வேண்டிய அறிவிப்பும் வேண்டாம். இன்னும் கேளுங்கள்: என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், காட்டு என்று கேட்கும் உரிமையை 11-ஆவது பிரிவு, ஒப்புதல் கொடுத்தவருக்குத்தான் தருகிறது. நம்மிடம் ஒப்புதலே கேட்கவில்லை. ஆகவே காட்டச் சொல்லும் உரிமையும் நமக்கு இல்லை! ஜவுளிக்கடைக்கு வந்து ஒரு சேலை வாங்கிப் போகிறவருக்கு இருக்கும் உரிமை, அதே கடையில் நாள் முழுக்க நிற்கும் விற்பனைப் பெண்ணுக்கு இருக்காது.

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்களே என்று வழக்கறிஞர் தோழர்கள் கேட்பார்கள். சொன்னார்கள்தான். ஆனால் அடிப்படை உரிமையை முதன்மையாக அரசுக்கு எதிராகத்தான் கேட்க முடியும். தனியார் மில்லின் கூரைப் பெட்டிக்கு எதிராக அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு ஓட நமக்கு வழக்குச் செலவும் இல்லை, பத்து வருடப் பொறுமையும் இல்லை.

அரசும் இந்த ஆட்டத்தில் சும்மா இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவருக்கு அப்பால் மூச்சு விடுவதைக்கூடக் கண்டுபிடிக்கும் கையடக்க ராடார்களை அமெரிக்கப் போலீஸ் படைகள் பொதுவிவாதம் எதுவும் இல்லாமலே பயன்படுத்தி வந்தது 2015-இல் வெளியே வந்தது. நம் நாட்டில் டி.ஆர்.டி.ஓ.வின் பெங்களூரு ஆய்வகம் திவ்யசக்ஷு என்ற பெயரில் சுவர் ஊடுருவும் ராடார் செய்திருக்கிறது. பயங்கரவாதிகள் பிணைக்கைதிகளோடு அடைந்திருக்கும் அறைக்கு அது பயன்படும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வேலைநிறுத்தக் குழு கூடியிருக்கும் அறைக்கு அது வராது என்று எழுதிக் கொடுப்பார் யார்? இதை இத்தோடு விடுகிறேன். இன்றைய சண்டை மில்லுக்குள்.

இப்போது சில தோழர்கள் கேட்பார்கள்: அப்படியானால் இந்த அலைக் கருவிகளே கூடாது என்று கேட்டில் எழுதித் தொங்கவிடலாமே? மாட்டேன் என்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

1999 டிசம்பர் 3. அமெரிக்காவில் ஊஸ்டர் நகரத்தில் கைவிடப்பட்ட ஒரு குளிர்பதனக் கிடங்கில் தீ. ஜன்னல் இல்லாத ஆறு மாடிக் கட்டடம். உள்ளே வீடில்லாதவர்கள் தங்கியிருக்கலாம் என்று தகவல் வர, இரண்டு தீயணைப்பு வீரர்கள் தேடிப் போனார்கள். புகையில் வழி தவறினார்கள். அவர்களைத் தேடி நான்கு பேர் போனார்கள். ஆறு பேரும் திரும்பவில்லை. அங்கே தங்கியிருந்தவர்கள் தீப்பிடித்ததுமே வெளியேறிவிட்டிருந்தார்கள். உள்ளே யார் இருக்கிறார், எந்த மூலையில் இருக்கிறார் என்ற இரண்டு கேள்விக்கு விடை தெரியாமல் போன ஆறு உயிர்கள் அவை. எல்லா உடல்களையும் எடுக்க எட்டு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் அதே நகரத்துப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள், புகை நிறைந்த கட்டடத்துக்குள் ரேடியோ அலையால் தீயணைப்பு வீரரைக் கண்டுபிடிக்கும் கருவிக்காக ஆண்டுக்கணக்கில் மெனக்கெட்டார்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் தொழில்நுட்பத்தின் ஒரு வேர் அங்கே இருக்கிறது.

நம் மில்களை நினைத்துப் பாருங்கள். நூல் அறுகாமலிருக்க ஈரப்பதம் காக்க வேண்டும் என்று ஜன்னலை எல்லாம் அடைத்த ஷெட். ப்ளோ ரூமில் பஞ்சு. காற்றெல்லாம் பஞ்சுத் தூசி. ஒரு பொறி விழுந்தால் போதும். அன்றைக்கு உள்ளே எத்தனை பேர்? காண்ட்ராக்டர் நேற்று ரயிலிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த ஒடிசாப் பையன்கள் எந்த மஸ்டர் ரோலில் இருக்கிறார்கள்? 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா இடிந்தபோது 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். திருப்பூரில் நாம் தைப்பதுபோலவே தைத்துக்கொண்டிருந்தவர்கள். யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று சொல்லும் ஒழுங்கான பட்டியல் இல்லாமல், தாய்மார்கள் போட்டோவைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் நின்றார்கள், டி.என்.ஏ. சோதனை வரை போக வேண்டியிருந்தது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். இடிபாட்டுக்குள் உயிர் எங்கே இருக்கிறது என்று தேசியப் பேரிடர் மீட்புப் படை நாட்கணக்கில் தேடியது.

2015-இல் நேபாள நிலநடுக்கத்தின்போது சவுதாரா என்ற ஊரில், மூன்று மீட்டர் ஆழம் வரை செங்கல்லும் மண்ணும் மூடிக் கிடந்த நான்கு பேரை, நாசா ஆய்வகம் உருவாக்கிய ஃபைண்டர் என்ற கருவி கண்டுபிடித்தது. நுண்ணலையை இடிபாட்டுக்குள் அனுப்பி, இதயத் துடிப்பாலும் மூச்சாலும் மார்புக்கூட்டில் ஏற்படும் மிகச் சிறு அசைவைப் பிரித்தெடுக்கும் கருவி அது. நால்வரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அப்படிப்பட்ட அலையை வேண்டாம் என்று சொல்ல நான் யார், நீங்கள் யார்? கோவைத் தீயணைப்பு நிலையங்களுக்கும் இந்த வகைக் கருவி வர வேண்டும் என்று கேட்பதும் நம் வேலைதான்.

ஆகவே நம் சண்டை, அந்தக் கருவி எப்போது கண் திறக்கும், யார் சொல்லித் திறக்கும் என்பதில். தீ மணி அடிக்கும்போது அது பார்க்கட்டும். மணி அடிக்காத மற்ற நேரமெல்லாம் அது குருடாக இருக்க வேண்டும். நிர்வாகம் ஒவ்வொரு தடவையும் பாதுகாப்பு என்ற பெயரில்தான் கருவியைக் கொண்டுவரும். மாட்டிய பிறகு அதைச் சம்பளப் பிரிவின் கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு வயர்கூடத் தேவைப்படாது.

இதில் நான் மிகவும் பயப்படுவது ஹாஸ்டல் பெண்களுக்காக. சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி என்று பல பெயரில் நம் வட்டாரத்து ஸ்பின்னிங் மில்கள் வளர் இளம் பெண்களைக் காம்பவுண்டுக்குள் வைத்து வேலை வாங்கிய கதையை வெளியூர்க்காரர்கள் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நெதர்லாந்தின் சோமோ அமைப்பு 2011-லும் 2014-லும் அறிக்கை போட்ட பிறகுதான் இங்கே பல பேர் வாய் திறந்தார்கள். வெளியே போகத் தடை, போனில் பேசத் தடை, உறவினர் வரத் தடை என்று அன்று எழுதினார்கள். வார்டனின் கண்ணுக்கு ஓய்வு உண்டு. வார்டன் தூங்கும்போது அந்தப் பிள்ளைகள் நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து வீட்டுக் கதை, சம்பளக் கதை பேசுவார்கள். சங்கத்தின் பெயரை முதன்முதலாகக் கேட்பதும் அங்கேதான். அந்த அறையில் வைஃபை பெட்டி ஆள் எண்ணினால் என்ன ஆகும்? எந்த இரண்டு கார்டுகள் ஓய்வு நேரத்தில் அடிக்கடி பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்தால் போதும். யார் யாரைச் சங்கத்தில் சேர்க்கிறார் என்பதை நிர்வாகம் நம்மைவிட முன்னாலேயே தெரிந்துகொள்ளும். ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்களான ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலேறினார்களே, அந்தக் காலத்தில் தொழிலாளியைக் கண்காணிக்க அடியாள் வேண்டும், அவனுக்குக் கூலி வேண்டும். அந்த நால்வரின் நினைவாகச் சின்னியம்பாளையத்தில் ஒவ்வோர் ஆண்டும் கூடும் நாம், அடியாளின் வேலை இப்போது எந்தப் பெட்டிக்குள் போயிருக்கிறது என்றும் அங்கே பேச வேண்டும்.

"ஏனுங் தோழர், ஒளிச்சு வைக்க நம்மகிட்ட என்னங்க இருக்குது?" என்று கேட்பவர்களுக்கு இன்னொரு பதில் இருக்கிறது: கருவி பொய் சொல்லும். ரிங் ஃப்ரேம் வரிசை முழுக்க இரும்பு. அலை இரும்பில் முட்டித் திரும்பும், இன்னொன்றில் மோதும், இரண்டு மூன்று வழியாக வந்து சேரும். கார்டின் முன்னால் நம் உடம்பே குறுக்கே நின்றால் சத்தம் வெகுவாகக் குறையும். புளூடூத் முறை சில மீட்டர் தவறுவது சாதாரணம். மெஷினுக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சுவர். நீங்கள் ஆறு சைடு ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அது உங்களைக் கழிப்பறையில் உட்கார வைக்கும். மேஸ்திரி தவறாகச் சொன்னால் சண்டை போடலாம், சாட்சி கூப்பிடலாம். கம்ப்யூட்டர் சொன்னால் மேஸ்திரியே கையை விரிப்பார்.

இதெல்லாம் நடக்காத காரியம், காலம் மாறிவிட்டது, தடுக்க முடியாது என்று சோர்ந்துபோகும் தோழர்களுக்கு ஒரு சின்ன விஷயம். லண்டனில் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை அலுவலகத்தில் 2016 ஜனவரியில் ஒரு நாள் காலை ஊழியர்கள் வந்து பார்த்தால், ஒவ்வொரு மேசைக்கும் அடியில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் பெட்டி. ஊழியர்கள் கொதித்தார்கள், சங்கம் குரல் கொடுத்தது, செய்தி வெளியே போனது. அன்றே பெட்டிகள் கழற்றப்பட்டன. கடலுக்கு அப்பால் போக வேண்டாம்: 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எல்லாச் சங்கங்களும் கட்சி வேறுபாடு பார்க்காமல் எழுந்தன. மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பத்தே நாள்! அதற்கு முன், ஜவுளிக்கடைத் தோழர்கள் உட்காரும் உரிமைக்காகப் பேசிப் பேசி, 2021-இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்திலேயே திருத்தம் வந்தது. உட்கார நாற்காலி வேண்டும் என்பதைச் சட்டமாக்க முடிந்த மாநிலத்தில், கழிப்பறை நிமிடத்தை எண்ணாதே என்பதைச் சட்டமாக்க முடியாதா?

மாநிலச் சட்டம் வரட்டும். அதற்கான குரலையும் எழுப்புவோம். அதுவரை காத்திருக்க முடியாது. நம் கையிலிருக்கும் கருவி ஒப்பந்தம்தான். நாமெல்லாம் பழக்கத்தில் 12(3) என்றும் 18(1) என்றும் சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்த ஒப்பந்தம். புதிய தொழில் உறவுகள் தொகுப்பை நாம் எதிர்க்கிறோம், எதிர்ப்போம். 14 நாள் நோட்டீஸ் இல்லாமல் எந்தத் தொழிலிலும் வேலைநிறுத்தம் கூடாது என்று நம் கையைக் கட்டிய தொகுப்பு அது. ஆனால் அதற்குள்ளேயே பழைய சட்டத்தின் 9ஏ உயிரோடு இருக்கிறது, 40-ஆவது பிரிவாக. பணி நிலைமையில் மாற்றம் செய்ய வேண்டுமானால் 21 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். எந்தெந்த மாற்றங்கள் என்று மூன்றாம் அட்டவணை சொல்கிறது: வேலை நேரமும் ஓய்வு இடைவேளையும், வழக்கத்தில் இருக்கும் சலுகையைப் பறிப்பது, புதிய ஒழுங்கு விதிகளைப் புகுத்துவது. இடத்தைப் பார்த்து நிமிடத்தை எண்ணும் கார்டு இந்த மூன்றையும் தொடுகிறது என்று நாம் வாதாட வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் கார்டு வந்தால் அன்றைக்கே எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் கொடுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்? தீ, இடிபாடு, விஷவாயு போன்ற ஆபத்து நேரத்தில் மட்டுமே ஆள் இருக்கும் இடம் திரையில் தெரிய வேண்டும். அதைத் திறக்கும் கடவுச்சொல்லின் ஒரு பாதி பாதுகாப்பு அதிகாரியிடம், மறு பாதி சங்கப் பிரதிநிதியிடம். ஷிஃப்ட் முடிந்து ஆள் வெளியே போனதும் அன்றைய பதிவு அழிய வேண்டும். அந்தப் பதிவை வைத்து ஒரு பைசா சம்பளம் பிடிக்கவோ, ஒரு மெமோ கொடுக்கவோ கூடாது. கழிப்பறை, தாய்ப்பால் அறை, கேன்டீன், சங்க அலுவலகம், ஹாஸ்டல், இங்கெல்லாம் ரீடரும் கூடாது, ஆள் உணரும் வைஃபையும் கூடாது. இதில் விட்டுக்கொடுத்துப் பேசாதீர்கள். மற்ற எதில் வேண்டுமானாலும் ஒரு படி இறங்கலாம், ஹாஸ்டலில் கூடாது. ஆள் உணரும் வசதி வைஃபையில் இருந்தால் அதை அணைத்துவைத்திருப்பதாக நிர்வாகம் எழுதித் தர வேண்டும், நம் ஆள் வருடத்துக்கு இருமுறை பார்க்க வேண்டும். சட்டம் காட்ட மறுக்கும் தரவை ஒப்பந்தம் காட்ட வைக்க வேண்டும்: கேட்டவருக்கு அவரது பதிவு ஒரு வாரத்துக்குள், தமிழிலோ அவர் மொழியிலோ. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் வடமாநிலத் தோழருக்கும் இதே வார்த்தைகள், ஓர் எழுத்தும் குறையாமல். இதையெல்லாம் பார்க்கும் குழுவில் பாதிக்குமேல் பெண்கள் இருக்க வேண்டும். ஏனென்று கேட்கிறவர்களை ஒரு வாரம் கோன் வைண்டிங்கில் நிறுத்திப் பார்க்கலாம்.

பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., ஜி.சி.டி. மாணவத் தோழர்களே, சரவணம்பட்டியிலும் விளாங்குறிச்சியிலும் கணினி முன் உட்கார்ந்திருக்கும் ஐ.டி. தோழர்களே, உங்களை விட்டால் எங்களுக்கு இதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்கும் கழுத்தில் கார்டு இருக்கிறது. உங்கள் கட்டடத்தின் கூரையில்தான் வைஃபை பெட்டி இன்னும் நெருக்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்காநல்லூர்ப் பக்கமோ பல்லடம் பக்கமோ சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். ரீடர் எப்படி இருக்கும், பதிவு எங்கே போய்ச் சேரும், ஒப்பந்தத்தில் எந்தச் சொல்லைப் போட்டால் நிர்வாகம் நழுவ முடியாது என்று உட்கார்ந்து எழுதுவோம்.

மற்றத் தோழர்களுக்கு நாளைக் காலை ஷிஃப்டிலேயே வேலை இருக்கிறது. வாசல்களின் இரு பக்கமும் மேலேயும் பாருங்கள்: சதுரமாக, தட்டையாக, பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் பலகை மாதிரி இருந்தால் அது ரீடர் ஆன்டெனாவாக இருக்கும். கூரை மூலைகளில் சோப்புப் பெட்டி அளவில் எது புதிதாக வந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். செல்போனின் டார்ச்சைப் பின்னால் வைத்துக் கார்டைப் பாருங்கள். உள்ளே செம்புக் கம்பிச் சுருளோ, வளைந்த பட்டைக் கோடோ தெரியும். சுருளாக இருந்தால் பெரும்பாலும் பக்கத்தில் காட்டினால்தான் படிக்கும்; நீளவாக்கில் வளைந்த பட்டையாக இருந்தால் தூரத்திலிருந்தே படிக்கும், உடனே சொல்லுங்கள். புளூடூத் கருவிகளைத் தேடிக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் திறந்து பார்த்தால் சுற்றிலும் என்னென்ன கத்திக்கொண்டிருக்கிறது என்று தெரியும். எதையும் கழற்றாதீர்கள், உடைக்காதீர்கள், கார்டை வீசி எறியாதீர்கள். மெமோவுக்குக் காத்திருப்பவனுக்குக் காரணம் கொடுக்க வேண்டாம். எந்த வாசல், எந்தப் பெட்டி, எந்தத் தேதியில் வந்தது என்று எழுதி, பத்துப் பேர் கையெழுத்தோடு சங்க அலுவலகத்தில் கொடுங்கள். சங்கம் இல்லாத கம்பெனித் தோழர்கள் பக்கத்துக் கம்பெனிச் சங்கத்திடம் கொடுங்கள்.

கேட் மீட்டிங்குக்கான நோட்டீஸ் தமிழில் தயார். இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் அச்சடிக்க வேண்டும்; அந்த மொழிகளில் எழுதத் தெரிந்தவர் உங்கள் லைனிலோ லைன் வீட்டிலோ இருந்தால் இன்று இரவே கூட்டிக்கொண்டு வாருங்கள், தோழர்களே. இரண்டாவது ஷிஃப்ட் விட்ட பிறகும் அலுவலகம் திறந்திருக்கும்.